வேலிக்கு வெளியே போன கடிதம்

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளை, முள்வேலிக்குள் கொண்டுவந்தபோது என் மூத்த மகளுக்கு ஒன்பது மாதம். அதற்கு முன் லயங்கள் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தன. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து ஜனங்கள் அரிசி, பருப்பு கொடுத்துவிடக் கூடாது என்று எல்லாரையும் புக்கிட் ரோத்தான் ஊருக்குப் போகும் சாலையோரமாக ஒரே இடத்தில் குடிவைத்தார்கள். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் வேலி. உள்ளே போக, வெளியே வர ஒரே ஒரு கேட்.

அந்தக் கேட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. தின்கிற பொருள் எதுவும் அதைத் தாண்டி வெளியே போகக் கூடாது. ஒரு பிடி சோறு, ஒரு கரண்டி சீனி, ஒரு பால்டின் கூட. தண்ணீர் மட்டும் கொண்டு போகலாம். காலையில் ஒன்றிரண்டு ரொட்டியைத் தின்றுவிட்டு ரப்பர் மரம் வெட்டப் போனால், வழியும் ரப்பர் பாலை எடுத்து ஸ்டோரில் கொட்டி, வேலிக்குள் திரும்பிய பிறகுதான் சோறு. பெரியவர்கள் நாங்கள் அதைப் பொறுத்துக்கொண்டோம். வேறு வழியும் இல்லை.

ஆனால் சட்டம் போட்டவர்கள் ஆயாக்கொட்டாயை மறந்துவிட்டார்கள். தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது. ஒரு வயதான ஆயா பார்த்துக்கொள்வார். லயங்களை எல்லாம் பெயர்த்துக்கொண்டு வந்தவர்கள் கொட்டாயை மட்டும் பழைய இடத்திலேயே, ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில், விட்டுவிட்டார்கள். அது வேலிக்கு வெளியே அரை மைலில் இருந்தது. பிள்ளையைக் கொண்டு போகலாம், பிள்ளைக்குப் பால் கொண்டு போகக் கூடாது என்று ஆகிவிட்டது.

எனக்குத் தாய்ப்பால் சீக்கிரமே வற்றிவிட்டது. மகளுக்குப் பால்டின் கரைத்துக் கொடுத்துத்தான் வளர்த்தேன். முதல் வாரம் பாட்டிலைச் சேலை மடிப்பில் மறைத்துக் கொண்டுபோனேன். இரண்டாவது வாரம் பிடிபட்டேன்.

பெண்களைச் சோதிக்க பக்கத்து ஊர் அசாம் ஜாவாவிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண் வருவாள். என் வயதுதான் இருக்கும். நல்லவள். அவள் கை பாட்டிலில் பட்டதும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். பின்னால் துப்பாக்கியோடு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலே எழும்பாமல், "தா போலே" என்றாள். முடியாது என்று அர்த்தம். பாட்டிலைத் திறந்து வேலியோரம் கவிழ்த்தாள். மகள் அதை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தாள்.

அன்றைக்கு மகள் பத்து மணிவரை அழுதுவிட்டு, பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடந்தாள் என்று ஆயா சொன்னார். என் பிள்ளை மட்டும் இல்லை. கொட்டாயில் அப்படிப் பதினோரு பிள்ளைகள்.

நான் யாரிடம் போய்ச் சொல்வது என்று தேடத் தொடங்கினேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் சொன்னேன். "அது போலீஸ் சட்டம்மா, நான் என்ன செய்ய?" என்றார். கேட்டில் இருந்த கார்ப்பரலிடம் ஒருவரை விட்டுக் கேட்டோம். கொட்டாய் தோட்டத்துடையது, தோட்டத்து ஆபீசில் கேளுங்கள் என்றார். ஆபீசில் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, காது கொடுத்துக் கேட்டார்.

"தொரைகிட்ட நானும் சொல்லிட்டேன். புதுசா கொட்டாய் கட்ட லண்டன்ல உள்ள கம்பெனி உத்தரவு குடுக்கணுமாம்" என்றார்.

"லண்டன்ல யாருங்கய்யா?"

அவர் சிரித்தார். "அது எனக்கே தெரியாது."

நான் பிறந்தது இந்தத் தோட்டத்தில். என் கணவர் ஐந்து வயதில் கப்பலில் வந்தவர். எங்களை இந்நாட்டுப் பிரஜை என்று யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இந்தியாவோ எங்கள் பேரைக் கூடக் கேட்டதில்லை. ஓட்டு என்ற சொல்லைப் பத்திரிகையில் மட்டும்தான் பார்த்திருந்தோம். சங்கம் வைத்துப் பேசியவர்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கூட்டம் போட அனுமதி வேண்டும். குழாயடியில் தண்ணீருக்கு நிற்பதற்கு மட்டும் அனுமதி தேவைப்படவில்லை. அதனால் நாங்கள் பேசியதெல்லாம் குழாயடியில்தான்.

நான் ஆறாவது வரை படித்தவள். புக்கிட் ரோத்தானில் தேநீர்க்கடை வைத்திருந்த காக்கா எனக்குப் பழைய பத்திரிகைகளைக் கொடுப்பார். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்த முஸ்லிம் அவர்; அவர்கள் வழக்கில் அண்ணனைக் காக்கா என்பார்கள். சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் தமிழ்ப் பத்திரிகை அவர் கடையில் நாள் முழுக்கக் கை மாறும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் அவரிடமிருந்து வாங்கி வந்து, குழாயடியில் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவேன். அதில் எல்லாருக்கும் பிடித்தது வாசகர் கடிதம். கிள்ளானிலிருந்து ஒருவர் கேட்பார், பினாங்கிலிருந்து ஒருவர் மறுப்பார், நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் இரண்டு பேரையும் திட்டுவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு அக்கா சொன்னார், "ஏம்மா, இவங்கல்லாம் ஒண்ணுமில்லாததுக்கு எளுதுறாங்க. நம்ம புள்ளைங்க பட்டினியா கெடக்குதே, அத எளுதக் கூடாதா?"

யாருக்கு எழுதுவது என்பதுதான் எனக்குக் குழப்பம். துரைக்கா, போலீசுக்கா, லண்டனுக்கா? கடைசியில் 'வாசகர்களுக்கு' என்று மட்டும் போட்டு ஆரம்பித்தேன். கேட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை. அடியில் 'ஒரு தாய், கோலா சிலாங்கூர் வட்டாரம்' என்று போட்டேன்.

என் கணவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"எளுதாத புள்ள. ஒன்னைய ஒண்ணும் செய்ய மாட்டாங்க, நீ இங்க பொறந்தவ. என்னையத்தான் கப்பல் ஏத்துவாங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அப்படி இரண்டு குடும்பத்தை அனுப்பியிருந்தார்கள். நான் கடிதத்தை மடித்து ஜெபப்புத்தகத்தில் நான்கு நாள் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் மகள் கொட்டாயிலிருந்து காய்ச்சலோடு வந்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. காக்கா கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

காக்கா உறையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், "தங்கச்சி, வீட்டுல சொல்லியாச்சா?"

"சொன்னேன் காக்கா. வேணாம்னாரு."

"அப்ப எனக்குத் தெரியாது லா. தபால்பெட்டி எங்க கடைக்கு முன்னாலதான் இருக்கு, யாரு வேணும்னாலும் போடலாம்" என்றார். ஆனால் ஸ்டாம்பை அவரே ஒட்டினார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் அச்சில் வந்தது. காக்கா அந்தப் பத்திரிகையில் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கித் தமிழ்நாட்டில் தன் ஊருக்கும், இலங்கை மலைநாட்டில் துணிக்கடை வைத்திருந்த தன் தம்பிக்கும் அனுப்பினார். தோட்டத்து ஜனங்கள் துணி வாங்க வருகிற கடை அது. அங்கே துணியோடு சேர்த்துப் பத்திரிகையும் வாசிப்பார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

பதில்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தது பேரா மாநிலத்திலிருந்து. இந்த மாதிரிக் கடிதங்கள் காட்டில் இருப்பவர்களுக்குத்தான் உதவும், அந்தத் தாய் சட்டத்தை மதித்துப் பொறுமையாக இருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்தது சென்னையிலிருந்து ஒரு பெரியவர். அந்நிய மண்ணில் அவமானப்படுவதை விட்டுத் தாயகம் திரும்புங்கள் என்று உருக்கமாக அழைத்திருந்தார். குழாயடியில் அதைக் கேட்ட ஒரு பெண், "நான் பொறந்தது அசாம் ஜாவா. திரும்பணும்னா அங்கதான் திரும்பணும், பஸ்ஸுல பத்து நிமிசம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

மூன்றாவது கடிதம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி எழுதியது. அவளும் பேர் போடவில்லை. நான் இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்வேன். எங்களுக்கு ஒரு காலத்தில் ஓட்டு இருந்தது, எடுத்துவிட்டார்கள், ஆனாலும் கேட்பதை நாங்கள் நிறுத்தவில்லை என்று தொடங்கியிருந்தாள். எங்கள் தோட்டத்திலும் பிள்ளை மடுவம் தூரத்தில்தான் இருந்தது, மழையில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு ஏறுவோம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'அக்கா, பாலை வெளியே கொண்டுபோக வழி கேட்காதீர்கள். அதற்கு அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். பிள்ளை மடுவத்தை வேலிக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.'

பிள்ளை மடுவம் என்பது எங்கள் ஆயாக்கொட்டாய்தான் என்று எல்லாருக்கும் உடனே விளங்கிவிட்டது. எங்களுக்கு விளங்காமல் போனது வேறு. இவ்வளவு பக்கத்தில் இருந்த வழி இத்தனை நாள் எங்களுக்குத் தோன்றவில்லையே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கண்ணெதிரே பாலைக் கொட்டியதில், பாலைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை நாங்கள். ஒரு கடல் தள்ளி இருந்தவளுக்கு அது தெரிந்தது.

அதற்கு அடுத்த வாரம், காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் மண்டோர் என்னிடம் வந்தார்.

"நீ இன்னைக்கு மரத்துக்குப் போவாத. எட்டு மணிக்கு ஆபீசுக்கு வரச் சொன்னாங்க. போலீசும் வருது."

என் கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலிக்குள் திரும்பி நடந்தார்.

நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். ஒரு பக்கம் போலீஸ் அதிகாரி, வெள்ளைக்காரர். இன்னொரு பக்கம் கதர் மாதிரி ஒரு கசங்கிய சட்டை போட்ட இன்னொரு வெள்ளைக்காரர். பெரிய கிராணி சுவரோரம் நின்றார்.

கசங்கிய சட்டைக்காரர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அம்மா, அமருங்கள். அஞ்ச வேண்டாம். நான் தொழிலாளர் இலாகாவிலிருந்து வருகிறேன்" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் காது அடைத்தமாதிரி ஆகிவிட்டது. தமிழ்! அதுவும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற தமிழ். அந்த இலாகாவில் வேலை பார்க்கிற வெள்ளைக்காரர்கள் சிலர் சென்னைக்குப் போய்த் தமிழ் படித்துவிட்டு வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்தது அன்றைக்குத்தான்.

"இக்கடிதம் தாங்கள் எழுதியதா?"

மேசையில் என் கடிதம் கத்தரித்து ஒட்டப்பட்டிருந்தது. பேர் போடாவிட்டாலும், கேட்டில் யாருடைய பாலைக் கொட்டினார்கள் என்று விசாரித்தால் போதுமே. பக்கத்தில் டைப் அடித்த இங்கிலீஷ். மறுத்தால் என்ன, ஒத்துக்கொண்டால் என்ன என்று நினைத்துப் பார்க்க நேரமில்லை. "நாந்தாங்கய்யா" என்றேன்.

"எழுதும்படி யாரேனும் கூறினார்களா?"

"யாரும் சொல்லலைங்க. பால கீழ ஊத்திட்டாங்க. அதான் எளுதுனேன்."

அவர் அதை இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார். போலீஸ் அதிகாரி தலையை ஆட்டிவிட்டு இன்னொரு தாளை எடுத்தார். அது இலங்கைக் கடிதம். கடைசி வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. இரண்டு சொல்லைச் சுற்றி வட்டம். அதிகாரி கேட்டதை எனக்குத் தமிழில் சொல்லும்போது இலாகாக்காரர் முகமும் கொஞ்சம் இறுகியிருந்தது.

"வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஒரு பொருளை வேலிக்குள் கொண்டுவரச் சொல்கிறார். அப்பொருள் யாது என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை. நானும் அறியேன். மடுவம் என்றால் என்ன?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் அதைத் துப்பாக்கி என்றோ குண்டு என்றோ நினைத்திருக்கிறார்கள். பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"ஆயாக்கொட்டாய்ங்கய்யா அது. புள்ளைங்கள வுட்டுட்டுப் போவமே, அது. செலோன்ல அப்படித்தான் சொல்லுவாங்களாட்டுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். சுவரோரம் நின்ற பெரிய கிராணியைப் பார்த்தார். கிராணி, "ஆமாங்க, அதேதான்" என்றார். இலாகாக்காரர் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். போலீஸ் அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்து வட்டத்துக்கு மேல் ஏதோ எழுதி, தாளை மூடினார். மகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாளை இழுக்கப் பார்த்தாள். அவர் அதை மெதுவாக நகர்த்திக்கொண்டார்.

பிறகு அவர்கள் மூன்று பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். துரை சலித்துக்கொள்வது தெரிந்தது. லண்டன் என்ற சொல் இரண்டு முறை வந்தது. கடைசியில் இலாகாக்காரர் என்னிடம் திரும்பி, "கேட்டிற்கு அருகில் உள்ள லயத்தில் இரண்டு அறைகள் காலியாக உள்ளன. புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. பிள்ளை மடுவம் அங்கு வரும்" என்றார். புதிதாகக் கற்ற அந்தச் சொல்லை அழுத்திச் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரர ஒண்ணும் செய்ய மாட்டீங்களே?" என்று கேட்டேன்.

"அவர் என்ன செய்தார்?"

"ஒண்ணும் செய்யலைங்க. எளுதாதேன்னாரு."

"அப்படியாயின் அவர் வேலைக்குச் செல்லட்டும்" என்றார்.

வேலிக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. கணவர் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய துணிமூட்டை. பிரித்துப் பார்த்தேன். அவர் வேட்டி, என் இரண்டு சேலை, மகளின் சட்டைகள், பால் பாட்டில், ஜெபப்புத்தகம், எங்கள் கல்யாணப் போட்டோ. என்னைக் கொண்டு போவார்களோ தன்னைக் கொண்டு போவார்களோ என்று தெரியாததால், மூன்று பேருக்கும் சேர்த்தே கட்டியிருக்கிறார்.

"எங்க அனுப்புனாலும் சேந்தே போயிரலாம்னு..." என்று இழுத்தார்.

நான் நடந்ததைச் சொன்னேன். மடுவம் வரைக்கும் வந்ததும் அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு ஒவ்வொரு துணியாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டோம். அன்று பகல் சாப்பாட்டை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருந்தது.

பல வருடம் கழித்து, அந்தப் பாட்டிலுக்குக் கை நீட்டிய மகள் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தாள். பொதுவெளி என்று ஒரு சொல்லை எனக்குச் சொன்னவள் அவள்தான். ஜனங்கள் கூடிப் பேசுவது, அந்தப் பேச்சுக்கு அரசாங்கம் பதில் சொல்வது, இரண்டும் சேர்ந்தால்தான் அது பொதுவெளி என்று படித்திருந்தாள்.

"அதுல ஒரு சிக்கல் இருக்கும்மா. பேசுற ஜனங்களும் பதில் சொல்ற அரசாங்கமும் ஒரே நாடுன்னு வச்சித்தான் அதையெல்லாம் எழுதியிருக்காங்க. உங்க கேஸ்ல பேசுனது மூணு நாட்டு ஜனங்க. இங்க யாருக்கும் ஓட்டு கிடையாது. யாரு காது குடுத்துக் கேட்டா?"

"அது எனக்கு இன்னைவரைக்கும் தெரியாது" என்றேன். உண்மைதான். என் கடிதத்தைச் சென்னையில் யாரோ கோலாலம்பூரில் இருந்த இந்தியப் பிரதிநிதிக்கு அனுப்பினார்கள் என்று காக்கா சொன்னார். லண்டனில் யாரோ ஒரு அம்மாள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டதாகப் பெரிய கிராணி சொன்னார். அந்தத் தொழிலாளர் இலாகாக்காரர் பத்திரிகை படித்துவிட்டுத் தானாகவே வந்தார் என்றும் பேச்சு. எது உண்மையோ. "ஆனா யாரோ கேட்டாங்க இல்ல?"

"கேட்டாங்க. அது அதிர்ஷ்டம்மா. கேக்காம விட்டிருந்தா, ஏன் கேக்கலைன்னு அவங்கள யாரும் கேட்டிருக்க முடியாது. அந்த இலங்கை அம்மா எத்தனை கடிதம் எழுதியிருப்பாங்க? அவங்களுக்கு ஓட்டு திரும்ப வந்துச்சா?"

அவள் சொன்னதில் பாதி சரி என்று ஒத்துக்கொண்டேன். மற்றப் பாதிக்கு, அந்தப் பாலைக் குடித்து வளர்ந்த அவளைத்தான் நான் சாட்சியாகக் காட்ட முடியும். சட்டத்தில் எங்கள் பேச்சுக்கு ஒரு இடமும் இல்லாத காலத்தில், கடிதப் பக்கம் ஒன்று இடம் கொடுத்தது. அங்கே யார் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டுவிட்டு யாரும் பேசவில்லை. திட்டினவர் கூட எனக்குத்தான் பதில் எழுதினார். அதற்கு முன் என்னை ஒரு ஆளாக மதித்து யாரும் மறுத்துப் பேசியதே இல்லை.

கொட்டாய் வேலிக்குள் வர இரண்டு வாரம் ஆனது. முதல் நாள் காலை மகளை அந்தப் புது அறையில் ஆயாவிடம் விட்டேன், பாட்டில் நிறையப் பாலோடு. வெறுங்கையாகக் கேட்டுக்கு வந்தேன். சோதிக்கிற மலாய்ப் பெண் என் சேலை மடிப்பைத் தொட்டாள், ஒன்றுமில்லை என்று கண்டாள், உள்ளே கொட்டாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "செனாங்" என்றாள். நிம்மதி என்று சொல்வதற்கு மலாயில் அதுதான் சொல். எனக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா, தெரியாது. அதற்குப் பிறகு அவள் எந்தப் பாட்டிலையும் கவிழ்க்க வேண்டி வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுக் கொட்டாய் வாசலில் உட்கார்ந்து நன்றிக் கடிதம் எழுதினேன். பெண்கள் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு வரி சொன்னார்கள். இலங்கைத் தங்கைக்கு நடந்ததை எல்லாம் எழுதினோம். அவள் சொல்லால் நான் போலீசில் மாட்டியதையும் அதே சொல்லால் தப்பியதையும் சேர்த்தோம். உங்கள் ஓட்டு திரும்பக் கிடைக்க நாங்கள் எங்கே எழுத வேண்டும், சொல்லுங்கள், எழுதுகிறோம் என்றோம். பேராக்காரருக்குப் பதில் வேண்டாம் என்று முடிவாயிற்று.

"அந்த மெட்ராஸ் ஐயாவுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். "பாவம், ஆசையா கூப்புட்டாரு."

அவருக்கும் இரண்டு வரி எழுதினேன். அழைத்ததற்கு மிகவும் நன்றி ஐயா, இப்போதைக்குப் புறப்பட முடியாது, பிள்ளைகள் வயிறு நிறைந்து தூங்குகிறார்கள் என்று. நீளம் கருதிக் கடிதத்தில் பாதியை வெட்டிவிட்ட பத்திரிகைக்காரர்கள், அந்த இரண்டு வரியை மட்டும் அப்படியே போட்டிருந்தார்கள்.